எல்லைக் கோட்டின் அகலம் எவ்வளவு?

ஊரில் நிலம் வாங்கியவர்களுக்கு இது தெரிந்த கதை. பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும்: வடக்கே வண்டிப்பாதை, கிழக்கே வாய்க்கால், தெற்கே இன்னாருடைய நஞ்சை. எழுதினால் மட்டும் போதாது. சர்வேயர் புலப்படத்தோடு வந்து, அளந்து, கல் நட வேண்டும். கல் நட்ட பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். காகிதத்தில் கோட்டுக்கு அகலம் கிடையாது. வயலில் வரப்புக்கு உண்டு. அந்த இரண்டடி வரப்பு யாருடையது, அதில் நிற்கிற வேப்பமரம் யாருக்கு, ஒவ்வொரு உழவுக்கும் வரப்பை ஒரு கொத்து தன் பக்கம் செதுக்கிக்கொள்கிற பக்கத்து வயல்காரரை என்ன செய்வது என்பதில்தான் தலைமுறைச் சண்டைகள் வருகின்றன.

நாடுகளுக்கும் அதே வேலைகள்தான். முதலில் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அடுத்து தரையில் அளந்து தூண் நட வேண்டும். அப்புறம், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் இரு தரப்பும் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு ஏற்பாடு வேண்டும். மூன்றும் முடிந்த இடத்தில் கோடு மெல்லியதாக இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் தடிக்க ஆரம்பிக்கிறது. சில இடங்களில் வேண்டுமென்றே தடிமனாக்கி வைத்ததும் உண்டு.

இதைப் பார்க்க இந்தியாவைவிடப் பொருத்தமான நாடு அதிகம் இல்லை. உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி இந்தியாவின் நில எல்லை 15,106.7 கிலோமீட்டர். வங்கதேசத்தோடு 4,096.7, சீனாவோடு 3,488, பாகிஸ்தானோடு 3,323, நேபாளத்தோடு 1,751, மியான்மாரோடு 1,643, பூடானோடு 699, ஆப்கானிஸ்தானோடு 106. மொத்தக் கணக்கில் தொங்குகிற அந்தப் புள்ளி ஏழு முழுவதும் வங்கதேசத்தின் பங்கு. மற்ற ஆறும் முழு எண்கள். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் இந்த ஏழு எண்களும் ஒரே மாதிரியான பொருளை அளக்கவில்லை. பள்ளிக்கூட அட்லஸில் ஒரே தடிமனில் சுற்றி வரும் அந்தக் கறுப்புக் கோடு, தரையில் சில இடங்களில் சில அடி, சில இடங்களில் பல கிலோமீட்டர். ஓரிடத்தில் கோடே இல்லை.

மெல்லிய கோட்டிலிருந்து தொடங்கலாம். நேபாள எல்லையில் தூண்களை ஒட்டி ஒரு வெற்றுப் பட்டை விட்டிருப்பார்கள். அதற்கு அந்தப் பக்கத்து மக்கள் சொல்லும் பெயர் தஸ்கஜா, அதாவது பத்து கஜம். யாரும் உழக்கூடாது, கட்டக்கூடாது என்பது விதி. நம் ஊர் புறம்போக்குக்கு நேரும் கதிதான் அதற்கும் நேர்கிறது. பல இடங்களில் வீடும் கடையும் உழவும் அதற்குள் வந்துவிட்டன. 1950 ஜூலை 31இல் கையெழுத்தான சமாதான, நட்புறவு ஒப்பந்தத்தின் பலத்தில், இரு நாட்டுக் குடிமக்களும் பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாமல் கடந்து போகிறார்கள், வருகிறார்கள். பீகார் பக்கம் இந்த உறவை ரோட்டி-பேட்டி என்பார்கள்: ரொட்டியும் மகளும். இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் சம்பந்தம்.

இவ்வளவு மெல்லிய கோடும் ஓரிடத்தில் தடிக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நேபாளத்துக்கும் நடந்த போருக்குப் பின், 1815 டிசம்பரில் எழுதி 1816 மார்ச்சில் உறுதியான சுகௌலி ஒப்பந்தம், மேற்கு எல்லையாகக் காளி நதியைக் குறித்தது. அந்த நதி எங்கே பிறக்கிறது என்று சொல்லவில்லை. மலையில் ஒரு நதிக்கு ஒரு தாய் மட்டும் இருப்பதில்லை, பல ஓடைகள் வந்து சேரும். எந்த ஓடை காளி? லிம்பியாதுராவிலிருந்து வருவதுதான் என்கிறது நேபாளம். அதற்குக் கிழக்கே, லிபுலேக் கணவாய்க்குக் கீழே காலாபானி பக்கம் பிறப்பதுதான் என்கிறது இந்தியா. இடைப்பட்ட மலைப்பகுதி முழுவதும் இப்போது கோட்டின் அகலம். 2020 மே மாதம் லிபுலேக் வரை போகும் சாலையை இந்தியா திறந்து வைத்தது. அதே மாதம் நேபாளம் அந்தப் பகுதியைச் சேர்த்துப் புது வரைபடம் வெளியிட்டு, அடுத்த மாதம் அரசியல் சாசனத்தையும் திருத்திக்கொண்டது. இருநூறு வருஷத்துக்கு முன் எழுதுகிறவர் இன்னும் ஒரு வரி சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும்.

பூடான் எல்லையில் எழுத்து வேலையும் தூண் வேலையும் முடிந்துவிட்டன. 1865 சிஞ்சுலா ஒப்பந்தத்தில் பூடானிடமிருந்து பிரிட்டிஷார் எடுத்துக்கொண்ட துவார் சமவெளிதான் இன்றைய எல்லையின் அடிப்படை. அதில் தேவாங்கிரி என்ற சிறு பகுதியை மட்டும் 1949 ஒப்பந்தத்தில் இந்தியா திருப்பிக் கொடுத்தது. இந்தியப் பக்கத்து ஜெய்காவ் சந்தை இரைச்சலிலிருந்து ஒரு வாசலைத் தாண்டினால் பூடானின் புன்ட்ஷோலிங். சட்டென்று ஊர் அமைதியாகிவிடும் என்பார்கள் போய் வந்தவர்கள். சிக்கல் இருப்பது மூன்றாவது ஆள் வந்து சேரும் மூலையில். இந்தியா, பூடான், சீனா மூன்றும் சந்திக்கும் முச்சந்தி பதாங் லா அருகே என்கின்றன இந்தியாவும் பூடானும். அதற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிப்மோச்சி என்கிறது சீனா. அந்தச் சில கிலோமீட்டருக்குள் இருப்பதுதான் டோக்லாம். 2017 ஜூனில் சீனர்கள் அங்கே சாலை போட வந்தபோது இந்தியப் படை குறுக்கே போய் நின்றது. 73 நாள் நின்றார்கள்.

வங்கதேச எல்லைக்கு வந்தால் கதை நீளும். நீளத்தில் இந்தியாவின் மிகப் பெரிய எல்லை இது. மேற்கு வங்கத்துக்கு மட்டும் 2,216.7 கிலோமீட்டர் (அந்தப் புள்ளி ஏழின் சொந்த ஊர்!), மீதி அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம். இதில் பெரும்பகுதி சிரில் ராட்கிளிஃப் போட்ட கோடு. லண்டன் வழக்கறிஞர், அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1947 ஜூலை 8இல் டெல்லியில் இறங்கினார். பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்க அவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம். கையில் இருந்தது 1941 மக்கள்தொகைக் கணக்கும் வரைபடங்களும். தீர்ப்பு வெளியானது ஆகஸ்ட் 17. அதாவது சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்துத்தான் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது மக்களுக்குத் தெரிந்தது. முஸ்லிம்கள் அதிகம் வாழ்ந்த முர்ஷிதாபாதில் பாகிஸ்தான் கொடி ஏறி, பிறகு இறங்கியது. இந்துக்கள் அதிகம் வாழ்ந்த குல்னாவில் இந்தியக் கொடி ஏறி, பிறகு இறங்கியது.

ராட்கிளிஃபை எல்லோரும் திட்டுகிறார்கள். என் கணக்கில் அவரைவிட அவருக்கு நாள் குறித்தவர்கள்தான் பொறுப்பு. அவர் செய்தது, இருந்த மாவட்ட, தாலுகா, தாணா (காவல் நிலைய) எல்லைகளை எடுத்து ஒட்டவைத்தது. அந்த உள்ளூர் எல்லைகள் பலவும் ஆறுகளை ஒட்டிப் போட்டவை. வங்காளத்து ஆறு நம் காவிரி மாதிரி கரைக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு கரையைத் தின்று எதிர்க்கரையில் மண்ணைத் துப்பும். துப்பிய மண்ணில் 'சர்' என்று சொல்லப்படும் திட்டுகள் எழும். அதில் விவசாயம் நடக்கும். அது எந்த நாடு என்று கேள்வி வரும். பெரும்பாலும் ஆறுகளை ஒட்டி எழுந்த நான்கு தகராறுகளைத் தீர்க்க, சுவீடன் நாட்டு நீதிபதி ஆல்கோட் பாகே தலைமையில் ஒரு நடுவர் மன்றமே அமைக்க வேண்டியிருந்தது. 1950இல் தீர்ப்பு வந்தது.

இந்த எல்லையின் அகலம் 150 கஜம். 1975இல் இரு நாடுகளும் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிப்படி, ஜீரோ லைன் எனப்படும் எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கட்டுமானம் எதுவும் எழக்கூடாது. அதனால் இந்தியா போடும் முள்வேலி எல்லையில் இல்லை. எல்லைக்கு உள்ளே, சுமார் 137 மீட்டர் தள்ளி இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கமும் இந்திய மண்தான். அங்கே வயல்கள் இருக்கின்றன, சில இடங்களில் வீடுகளும் இருக்கின்றன. காலையில் எல்லைப் பாதுகாப்புப் படையினர் கேட்டைத் திறப்பார்கள், விவசாயி அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுத் தன் வயலுக்குப் போவார், சாயங்காலம் கேட் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். சொந்த நாட்டுக்குள் வேலி தாண்டிப் போய் நாற்று நடுகிறவர்கள் இவர்கள். வேலி 150 கஜத்துக்குள் வரலாமா என்ற சண்டையும் ஓயவில்லை. 2025 ஜனவரியில் மால்டா மாவட்டத்தில் வேலி வேலை தொடங்கியபோது வங்கதேச எல்லைக் காவலர்கள் வந்து தடுத்தார்கள்.

சிட்மஹால், அதாவது அடுத்த நாட்டுக்குள் மாட்டிக்கொண்ட துண்டு நிலங்களின் கதையைச் சொல்லாமல் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. கூச்பிகார் ராஜாவும் ரங்பூரின் முகலாய அதிகாரியான ஃபௌஜ்தாரும் சதுரங்கத்தில் கிராமங்களைப் பணயம் வைத்து ஆடியதால் உண்டானவை என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயர்களும் கூச்பிகாரும் சண்டையை நிறுத்தியபோது, அவரவர் கையில் இருந்த துண்டு நிலங்கள் அவரவருக்கே என்று விட்டுவிட்டார்கள். அரசர் காலத்தில் இதனால் பெரிய தொந்தரவு இல்லை. வரி யாருக்குக் கட்டுவது என்பது மட்டுமே கேள்வி. 1947க்குப் பிறகு, 1949இல் கூச்பிகார் இந்தியாவோடு இணைந்ததும், அதே துண்டுகள் வெளிநாட்டுத் தீவுகளாகிவிட்டன. இன்றைய வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111 துண்டுகள், இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51. துண்டுக்குள் துண்டும் உண்டு. தஹலா கக்ராபாரி என்ற ஒரு சணல் வயல் இந்திய நிலம். அதைச் சுற்றி வங்கதேச நிலம். அதைச் சுற்றி இந்திய நிலம். அதைச் சுற்றி வங்கதேசம். உலகத்தில் இப்படி ஒன்று இது மட்டும்தான் இருந்தது. மொத்தப் பரப்பு இரண்டு ஏக்கர்கூட வராது.

வேடிக்கையாகத் தெரியும். அங்கே வாழ்ந்தவர்களுக்கு வேடிக்கை இல்லை. தன் நாட்டுக்குப் போய் வாக்காளர் அட்டை எடுக்க வேண்டுமானால் முதலில் வெளிநாட்டைக் கடக்க வேண்டும்; கடக்க பாஸ்போர்ட் வேண்டும்; பாஸ்போர்ட் எடுக்கத் தன் நாட்டுக்குப் போக வேண்டும். போலீஸ் வராது, மின்கம்பம் வராது, பள்ளிக்கூடம் வராது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் சுற்றியுள்ள நாட்டுக்காரர் யாரையாவது தகப்பன் என்று எழுதிக்கொடுத்த குடும்பங்கள் உண்டு.

தீர்வு எழுத்தில் வெகு சீக்கிரமே வந்துவிட்டது. 1974 மே 16இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் நில எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வங்கதேசம் அதே வருஷம் உறுதி செய்தது. இந்தியாவில் இழுத்தது. பேருபாரி என்ற எல்லைப் பகுதி பற்றிய விவகாரத்தில், நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சாசனத் திருத்தம் வேண்டும் என்று 1960இலேயே உச்ச நீதிமன்றம் கருத்துச் சொல்லியிருந்தது. "ஓர் அங்குலம்கூட விடமாட்டோம்" என்று பேசிப் பழகிய அரசியலில் அந்தத் திருத்தத்தைக் கொண்டுவர 41 வருஷம் ஆனது. 100ஆவது திருத்தம் 2015 மே மாதம் நிறைவேறியது. ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின. இந்தியா கொடுத்தது சுமார் 17,160 ஏக்கர், பெற்றது சுமார் 7,110 ஏக்கர். நஷ்டம் என்று கத்தியவர்கள் இருந்தார்கள். கொடுத்த நிலத்துக்குள் இந்திய அரசால் ஒரு நாளும் போக முடிந்ததில்லை என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஏறத்தாழ 51,000 பேருக்கு ஒரு நாடு கிடைத்தது. வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுகளிலிருந்து இந்தியாவுக்கு வர விரும்பியவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக விரும்பியவர் ஒருவரும் இல்லை. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, நாடு மட்டும் மாறியது.

பாகிஸ்தான் எல்லையை ஒரே எல்லை என்று எண்ணுவதே தவறு. குஜராத்திலிருந்து பஞ்சாப் வரை சர்வதேச எல்லை. பஞ்சாப் பகுதியில் வேலியோடு சேர்த்து இந்தியா வரிசையாக விளக்குக் கம்பங்கள் நட்டிருப்பதால், விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த இரவுப் படங்களில் ஆரஞ்சு நிறக் கயிறு மாதிரி தெரிகிறது. ஜம்முவை ஒட்டிய பகுதியையும் இந்தியா சர்வதேச எல்லை என்றே சொல்கிறது. பாகிஸ்தான் அதற்கு 'வொர்க்கிங் பவுண்டரி' என்று வேறு பெயர் வைத்திருக்கிறது. காஷ்மீர் சிக்கல் தீராதவரை அது சர்வதேச எல்லை ஆகாது என்பது அதன் வாதம். அதற்கு மேலே சுமார் 740 கிலோமீட்டர் கட்டுப்பாட்டுக் கோடு. அதற்கும் மேலே சியாச்சின்.

இந்தக் கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காகித வேலையின் மதிப்புத் தெரியும். கட்டுப்பாட்டுக் கோடு 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பின் உருவானது. இரு ராணுவத் தளபதிகளும் பலமுறை உட்கார்ந்து, மலை மலையாக, ஓடை ஓடையாகப் பேசி, வரைபடத் தாள்களில் குறித்து, டிசம்பரில் சுசேத்கரில் கையெழுத்திட்டார்கள். 27 வருஷம் கழித்து கார்கிலில் பாகிஸ்தான் படை அதைத் தாண்டி வந்து உட்கார்ந்தபோது, எங்கே தாண்டினார்கள் என்று இந்தியாவால் உலகத்துக்குத் தாளை விரித்துக் காட்ட முடிந்தது. அமெரிக்காவே பாகிஸ்தானிடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போ என்றது. எந்தக் கோடு என்று யாரும் கேட்கவில்லை.

சியாச்சினில் அந்த வசதி கிடையாது. 1949 ஜூலையில் கராச்சியில் எழுதிய போர்நிறுத்தக் கோடு, என்ஜே 9842 என்ற புள்ளியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒப்பந்தத்தில் இருப்பது 'அங்கிருந்து வடக்கே பனியாறுகளுக்கு' என்ற பொருளில் ஒரே ஒரு சொற்றொடர். அந்த உயரத்தில் யார் போய்ச் சண்டை போடப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். 1972இலும் யாரும் அதை நீட்டவில்லை. நேர் வடக்கு என்றால் சியாச்சின் இந்தியாவுக்கு. புள்ளியிலிருந்து வடகிழக்காகக் காரகோரம் கணவாய்க்குக் கோடு இழுத்தால் பாகிஸ்தானுக்கு. 1984 ஏப்ரல் 13இல் இந்தியப் படை சியாச்சினுக்கு மேற்கே உள்ள சால்டோரோ முகட்டில் ஏறி உட்கார்ந்தது, இன்றுவரை இறங்கவில்லை. அங்கே இறந்த சிப்பாய்களில் குண்டடி பட்டவர்களைவிடப் பனிச்சரிவிலும் உயர நோயிலும் போனவர்கள்தான் அதிகம். இரண்டு தரப்புக்கும் இது பொருந்தும்.

தெற்குக் கோடியில் ஒரு சிறு தகராறு: கட்ச் ரண். 1965இல் அங்கே சண்டை நடந்து, விஷயம் நடுவர் மன்றத்துக்குப் போய், 1968இல் தீர்ப்பு வந்தது. கேட்டதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பாகிஸ்தானுக்குக் கிடைத்தது. தலைவராக இருந்தவர் குன்னார் லாகர்கிரேன், இவரும் சுவீடன்காரர்தான். நம் எல்லைப் பஞ்சாயத்துக்குச் சுவீடனில் என்ன ராசியோ தெரியவில்லை. அந்தத் தீர்ப்பு தொடாமல் விட்ட சர் கிரீக் என்ற 96 கிலோமீட்டர் சேற்றுக் கழி இன்னும் பாக்கி. கழியின் நடுவே எல்லை என்கிறது இந்தியா, கிழக்குக் கரை என்கிறது பாகிஸ்தான்.

சீன எல்லையில் கோடு உண்மையிலேயே பேனாவால் தடித்தது. 1914 மார்ச்சில் டெல்லியில் பிரிட்டிஷ் இந்தியாவின் ஹென்றி மக்மஹோனும் திபெத்தின் பிரதிநிதி லோன்சென் ஷாத்ராவும் வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோட்டை ஒப்புக்கொண்டார்கள். சீனா அதை ஏற்கவே இல்லை. வரைபடத்தின் அளவு ஓர் அங்குலத்துக்கு எட்டு மைல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பேனாக்கோடு ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் தரையில் அது அரைக் கிலோமீட்டர். அந்தக் கோடு இமயத்தின் நீர்ப்பிரிமுகட்டைப் பின்பற்றுவதாகச் சொல்லப்பட்டது. அப்போது அந்த மலைகளைச் சரியாக அளந்தவர் யாருமில்லை. தவாங் பக்கம் தாக்லா முகடு, வரைபடக் கோட்டுக்கு வடக்கே விழுந்தது. முகடுதான் எல்லையின் அடிப்படை, ஆகவே தாக்லா வரை எங்களுடையது என்றது இந்தியா. கோடு இருக்கிற இடம்தானே எல்லை என்று திருப்பியது, அந்தக் கோட்டையே ஏற்காத சீனா. 1962 அக்டோபரில் போர் மூண்ட இடம் இந்தத் தாக்லாவின் அடிவாரம்.

மேற்கே லடாக்கில் மக்மஹோன் கோடுகூட இல்லை. 1865இல் ஜான்சன் என்ற சர்வேயர் வரைந்தது ஒன்று, 1899இல் பிரிட்டிஷார் சீனாவுக்கு முன்மொழிந்து பதில் வராமலே போனது ஒன்று. பழைய திட்டங்கள் பல, ஒப்பந்தம் எதுவும் இல்லை. இந்தத் தெளிவின்மைக்குள் சீனா 1957இல் அக்சாய் சின் வழியாகச் சாலையே போட்டு முடித்துவிட்டது. அந்த அக்சாய் சின்னின் பரப்பு சுமார் 38,000 சதுர கிலோமீட்டர். எல்லை இவ்வளவு நீளம் என்பதிலேயே ஒற்றுமை இல்லை. இந்தியா சொல்வது 3,488. சீனத் தரப்பு சுமார் 2,000 என்றே சொல்லிவந்திருக்கிறது. இரண்டு வயல்காரர்கள் பொதுவரப்பின் நீளத்தையே வெவ்வேறாகச் சொன்னால் சர்வேயர் எங்கிருந்து தொடங்குவார்?

இப்போது நடுவில் இருப்பது எல்.ஏ.சி., அதாவது உண்மையான கட்டுப்பாட்டுக் கோடு. அவரவர் கையில் இருப்பது அவரவருக்கு என்ற ஏற்பாடு. அந்தச் சொல் சீனப் பிரதமர் சூ என்லாய் 1959இல் நேருவுக்கு எழுதிய கடிதத்திலிருந்து வருவது, ஒப்பந்தமானது 1993இல். பெயரைக் கேட்டால் எல்லாம் தெளிவாக இருப்பது போல் தோன்றும். அந்தக் கோட்டை இரு நாடும் சேர்ந்து எந்த வரைபடத்திலும் வரையவில்லை. தங்கள் தரப்புக் கோட்டைக் காட்டும் படங்களை மாற்றிக்கொண்டது நடுப்பகுதிக்கு மட்டும்தான். ஆகவே பல இடங்களில் இரண்டு எல்.ஏ.சி.க்கள் இருக்கின்றன, நடுவே ஒரு பட்டை. பாங்காங் ஏரிக்கரையில் மலைமடிப்புகளை விரல்கள் என்று எண்ணுவார்கள். எட்டாவது விரல் வரை எங்களுடையது என்றது இந்தியா, நான்காவது விரல் வரை எங்களுடையது என்றது சீனா. நடுவே சுமார் எட்டு கிலோமீட்டர். 2020 வரை அங்கே இரு தரப்பு ரோந்தும் போய்வந்தது. எதிரெதிரே வந்தால் 'இது எங்கள் பகுதி, திரும்பிப் போங்கள்' என்று பேனரை விரித்துக் காட்டிவிட்டுத் திரும்புவார்கள். துப்பாக்கிச் சூடு கூடாது என்பது 1996 ஒப்பந்தம்; கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது.

இந்த ஏற்பாடு பல வருஷம் தாங்கியது. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் உடைந்தது. சுடக்கூடாது என்ற விதியை மட்டும் காப்பாற்றி, கம்பாலும் கல்லாலும் ஆணியடித்த தடியாலும் அடித்துக்கொண்டார்கள். இந்தியத் தரப்பில் 20 பேர் இறந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். சீனா தன் பக்கம் நான்கு பேர் என்று பல மாதம் கழித்துச் சொன்னது. 2024 அக்டோபரில் டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் ரோந்து போவது குறித்து உடன்பாடு வந்தது. கோடு எங்கே என்ற கேள்வியை அதுவும் தொடவில்லை.

ஆப்கானிஸ்தானோடு உள்ள 106 கிலோமீட்டர் எல்லையில் இந்தியச் சிப்பாய் ஒருவர்கூட இல்லை. அது பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் உள்ள கில்கிட்-பால்டிஸ்தானை ஒட்டிய வாக்கான் பகுதி. ரஷ்யப் பேரரசும் பிரிட்டிஷ் இந்தியாவும் நேரடியாக முட்டிக்கொள்ளாமல் இருக்க, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டு பேரரசுகளும் ஆப்கானிஸ்தானுக்கு ஒட்டவைத்துக் கொடுத்த நீண்ட ஒல்லிப் பட்டை. ஒரு நாட்டின் நிலத்தையே எல்லைக் கோடாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அமைச்சகப் பட்டியலில் அந்த 106 இருப்பது உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று காட்ட.

கடைசியாக மியான்மார். மற்ற எல்லைகள் தகராறினால் தடித்தவை என்றால் இது தெரிந்தே தடிமனாக்கியது. 1826இல் பிரிட்டிஷாரும் பர்மாவும் செய்த யாண்டபோ ஒப்பந்தத்தில் தொடங்கிய கோடு இது; 1937 ஏப்ரலில் பர்மா தனி ஆட்சிப்பகுதியாகப் பிரிந்தபோது மாகாணக் கோடு அயல்நாட்டுக் கோடானது. 1967 மார்ச்சில் இரு நாடும் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன. கோடு மலைமுகடுகள் மேல் போகிறது, மக்களோ முகட்டின் இரு பக்கமும் ஒரே இனத்தார். மிசோக்களின் நம்பிக்கைப்படி இறந்தவர்களின் ஆவி கடந்து போகும் ரி தில் ஏரி மியான்மாருக்குள் இருக்கிறது. மிசோரத்தின் பெரிய ஏரி எது என்றால் ரி தில், ஆனால் அது மியான்மாரில் இருக்கிறது என்று அங்கே சொல்வார்கள். நாகாலாந்தின் லோங்வா கிராமத்தில் தலைவரான ஆங்கின் வீட்டுக்குள்ளேயே கோடு போகிறது. இந்த மக்களைப் பிரிக்க முடியாது என்று தெரிந்துதான், எல்லையிலிருந்து 40 கிலோமீட்டர் வரை விசா இல்லாமல் போய்வரலாம் என்று 1968இல் விட்டார்கள். 2004இல் அது 16 கிலோமீட்டர் ஆனது. மியான்மாரில் 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் ஆயிரக்கணக்கான சின் மக்கள் தியாவ் ஆற்றைக் கடந்து வந்தார்கள். டெல்லி தடுக்கச் சொன்னது. மிசோரம் சொந்தக்காரர்கள் என்று சோறு போட்டது. 2023 மே மாதம் மணிப்பூர் கலவரம் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் இந்த நடமாட்ட முறையையே ரத்து செய்வதாகவும் எல்லை முழுவதும் வேலி போடுவதாகவும் உள்துறை அமைச்சர் அறிவித்தார். நாகாலாந்தும் மிசோரமும் எதிர்த்தன. அந்த வருஷக் கடைசியில் நடைமுறைக்கு வந்தது பத்து கிலோமீட்டரும் பாஸும்.

இந்த எல்லையில் தமிழர்களுக்கும் ஓர் ஊர் உண்டு. மணிப்பூரின் மோரே. இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர், எதிரே மியான்மாரின் தமு. 1962இல் ராணுவத் தளபதி நே வின் பர்மாவில் ஆட்சிக்கு வந்து கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியதும், தலைமுறைகளாக பர்மாவில் இருந்த தமிழர்கள் கப்பலேறி மெட்ராஸ் வந்து சேர்ந்தார்கள். பலருக்கு இங்கே யாரும் இல்லை, எதுவும் பிடிபடவில்லை. பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று சிலர் தரைவழியாக வடகிழக்குக்குக் கிளம்பினார்கள். எல்லையில் அந்தப் பக்கத்தார் உள்ளே விடவில்லை. திரும்பி வரவும் மனமில்லாமல் கோட்டுக்கு இந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். பர்மிய மொழி தெரியும், வியாபாரம் தெரியும்; மோரே சந்தையை வளர்த்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். கோபுரத்தோடு அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள். மியான்மார் எல்லை முழுவதற்கும் போடப்போகும் வேலியின் முதல் பத்து கிலோமீட்டர் எழுந்தது இந்த மோரேயில்தான்.